அம்மாவின் முத்துமாலையும் ஒரு சென்டிமீட்டர் கம்பியும்



செமஸ்டர் பரிட்சை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. "லீவுதானே, ஏதாவது எழுதுடா" என்று ரெண்டு பேர் (மொத்த வாசகர்களே அவ்வளவுதான்) கேட்டதால் இதோ வந்துவிட்டேன். பஸ் பாஸ், பரோட்டா, பங்குச்சந்தை என்று கலந்துகட்டி எழுதிக்கொண்டிருந்தவன் இந்த முறை முத்து கோர்ப்பதைப் பற்றி எழுதப்போகிறேன். "பி.காம் படிக்கிற பையன் பாசி கோர்க்கிறானா?" என்று சிரிப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பின்னால் சிரிப்பதற்கு வேறு விஷயம் இருக்கிறது.

அம்மாவிடம் ஒரு முத்துமாலை உண்டு. ஒற்றைச் சரம், 70 முத்து. அப்பா ஒருமுறை வேலை விஷயமாக ஹைதராபாத் போனபோது சார்மினார் பக்கத்தில் வாங்கி வந்தது. பெரிய விலை ஒன்றும் இல்லை, நன்னீர் முத்துதான். ஆனால் அப்பா யாரும் கேட்காமல் தானாக வாங்கி வந்த ஒரே நகை அது என்பதால் அதற்கு வீட்டில் தனி மரியாதை. விசேஷம் என்றால் தங்கச் சங்கிலி கழுத்தில் இருக்கிறதோ இல்லையோ, இது இருக்கும்.

ரெண்டாவது வருஷம் படிக்கும்போது அதன் நூல் அழுக்கேறி, தளர்ந்து, முத்துக்கு நடுவே இடைவெளி தெரிய ஆரம்பித்தது. "கடையில் கொடுத்துக் கோர்த்துட்டு வாடா" என்றார் அம்மா. நானோ, "இதுக்குப் போயா காசு குடுக்கணும், நானே கோர்த்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் இணையத்தில் ஒரு காணொளி பார்த்த தைரியம்தான்.

உண்மையிலேயே நன்றாக வந்தது. அதில் கஷ்டமான வேலை முடிச்சுதான். ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு போட வேண்டும். முடிச்சு முத்தை ஒட்டி உட்கார வேண்டும், நடுவழியில் இறுகிவிட்டால் போச்சு. 70 முத்துக்கு 69 முடிச்சு. ஊசி முனையை முடிச்சுக்குள் விட்டு, முத்துப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போய் இறுக்கினால் சரியான இடத்தில் உட்காரும். மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் நூலைக் கொக்கியின் வளையத்தில் விட்டுக் கட்டி, ஒரு சொட்டு பசை வைத்து நறுக்கிவிட்டேன். அம்மா போட்டுப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் எல்லாம் காட்டினார். அவ்வளவுதான், ஆர்டர் குவிந்தது. (குவிந்தது என்றால் ஆறு.)

ஒரு மாலைக்கு 150 ரூபாய் கூலி வாங்கினேன். நூலுக்கும் கொக்கிக்கும் 40 ரூபாய் செலவு. ஆறு மாலைக்கு வரவு 900, செலவு 240, லாபம் 660. கல்லூரியில் "ஸ்டார்ட்அப் வைத்திருக்கிறேன்" என்று பீலா விட்டதைக் கேட்டவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். மன்னிக்கவும்.

இலையில் விழுந்த மாலை

எட்டு மாதம் கழித்துப் பெரியப்பா மகன் கல்யாணம். பந்தியில் அம்மா சாப்பிட உட்கார்ந்து, சாம்பாரைப் பிசைந்து முதல் வாய் எடுக்கக் குனிகிறார். கழுத்தில் இருந்த மாலை ஓசையில்லாமல் வழுக்கி நேராக இலையில் விழுந்தது. சாம்பார் சாதத்தின் மேல், மாலை சாத்தியது போல. எதிர் வரிசையில் இருந்த மாமா, "சோத்துக்கெல்லாம் மாலை போட ஆரம்பிச்சுட்டீங்களா மதினி?" என்று கேட்க, பந்தியே சிரித்தது.

அம்மாவும் சிரித்தார். ஆனால் இடது கையால் அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்ட பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டார். வரும் வழியில் பஸ்ஸில், "நல்ல வேளை, இலையில விழுந்துச்சு. ரோட்டுல விழுந்திருந்தா?" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து கழுவித் துடைத்துப் பார்த்தேன். ஒரு முத்துகூடக் குறையவில்லை, 69 முடிச்சும் அப்படியே இருந்தன. முடிச்சுப் போடுவதே அதற்குத்தான். நூல் எங்கே அறுந்தாலும் முத்துக்கள் சிதறி ஓடாது, தவிர ஒன்றோடொன்று உரசித் தேயவும் செய்யாது. அறுந்தது ஒரே இடத்தில், கொக்கியின் வளையத்தில் நூலைக் கட்டிய இடத்தில்.

எனக்குப் புரியவில்லை. மாலையின் மொத்த எடையே 20 கிராமுக்குக் கொஞ்சம் மேலேதான். அந்தப் பட்டுநூலோ கிலோக்கணக்கில் தாங்கக்கூடியது. பாரம் தாங்காமல் அறுந்திருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் எப்படி?

படிக்கட்டுப் பெரியவர்

மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதி முழுக்க நகைக்கடைகள். அதை ஒட்டிய ஒரு சந்தில், படிக்கட்டின் மேல் சின்னப் பெட்டி வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். "முத்து, பவளம் கோர்த்துத் தரப்படும்" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார். அங்கே போய் மாலையைக் காட்டினேன். நான் கோர்த்தது என்று சொல்லவில்லை. "வீட்டுல கோர்த்தது" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன்.

அவர் முடிச்சுகளை விரலால் தடவிப் பார்த்தார். "முடிச்சு பரவாயில்லையே" என்றார். எனக்குள் ஒரு குட்டிச் சந்தோஷம். அப்புறம் அறுந்த நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இது இழுத்து அறுந்தது இல்ல. தேஞ்சு அறுந்தது. நுனியப் பாரு, பஞ்சு மாதிரி பிசிறா இருக்கு."

நானும் பார்த்தேன். பிசிறாகத்தான் இருந்தது.

"கொக்கி வளையம் கம்பி. நூலு பட்டு. ஒரு தடவ கழுத்தத் திருப்புனா ஒரு தடவ உரசும். ஒரு நாளைக்கு எத்தன தடவ திருப்புவோம்? இதுல பத்தாததுக்கு, வளையத்தோட வாயி வேற ஒட்டாம இருக்கு. அது பிளேடு மாதிரி. சுருள் போடாமக் கட்டுனா இப்பிடித்தான்."

"சுருளா?"

பெட்டிக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். அதற்குள் தங்க நிறத்தில் தையல் நூல் தடிமனுக்கு ஏதோ ஒன்று. கையில் வாங்கிப் பார்த்தால் நூல் இல்லை, கம்பி. கம்பியும் இல்லை, ஸ்பிரிங்! மிக மெல்லிய கம்பியை இடைவெளியே இல்லாமல் சுற்றிச் சுற்றிச் செய்த ஸ்பிரிங். தடிமன் ஒரு மில்லிமீட்டர்தான், அதற்குள்ளும் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் நூல் போகிறது.

அந்த நிமிஷம் எனக்கு ரெண்டு விஷயம் மண்டையில் அடித்தன.

ஒன்று, நான் பார்த்த காணொளியில் இது இருந்தது. "இப்போது இந்தச் சுருளை ஒரு சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள்" என்று அந்தப் பெண்மணி சொல்லும் இடத்தில், ஏதோ அலங்காரத்துக்குப் போலிருக்கிறது என்று நினைத்து நான் தள்ளி ஓட்டியிருக்கிறேன். பத்து விநாடி மிச்சம் பிடித்ததற்கான விலை, பந்தியில் அம்மாவின் முகம்.

ரெண்டு, இதே சாமான் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது!

ஜர்தோசி டப்பா

பெரியம்மா மகள், என் அக்கா, ஆரி வேலை செய்கிறார். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு மணியும் சம்கியும் கோர்த்துத் தைக்கிற வேலை. அவருடைய டப்பாவில் தங்கம், வெள்ளி, செம்பு, பச்சை என்று எல்லா நிறத்திலும் இந்தச் சுருள் கிடக்கும். அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பாசி மாதிரி ஊசியில் ஏற்றித் துணியில் தைப்பார். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஜர்தோசி.

உண்மையில் ஜர்தோசி என்பது கம்பியின் பெயர் இல்லை, அந்த வேலையின் பெயர். பாரசீகத்தில் 'ஜர்' என்றால் தங்கம், 'தோசி' என்றால் தையல். லக்னோவின் ஜர்தோசிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடக்கே இந்தச் சுருளுக்கு டப்கா, நக்ஷி என்று வகைக்கு ஒரு பெயர் உண்டு. நம் ஊருக்கு வரும்போது வேலையின் பெயரே கம்பிக்கு ஒட்டிக்கொண்டது. முத்து கோர்ப்பவர்கள் உலகத்தில் இதற்குப் பிரெஞ்ச் ஒயர், கிம்ப், புல்லியன் என்று பெயர்கள். துணியில் அழகுக்கு வைத்துத் தைக்கிற அதே சுருள்தான் மாலையில் காவலுக்குப் போகிறது.

சரி, அது என்ன செய்கிறது? நூலைக் கொக்கியின் வளையத்தில் நேராகக் கட்டாமல், ஒரு சென்டிமீட்டர் சுருளுக்குள் விட்டுக் கட்டினால், வளையத்தைத் தொடுவது சுருள்தான், நூல் இல்லை. கம்பியோடு கம்பி உரசிக்கொள்ளட்டும், நூல் உள்ளே பத்திரமாக இருக்கும்.

"அதுக்கு ஒரு சின்னக் குழாய் போட்டா போதாதா?" என்று பெரியவரிடம் கேட்டேன். (நாம்தான் புத்திசாலியாச்சே.) "குழாய வளைச்சுப் பாரு" என்றார். அவ்வளவு மெல்லிய குழாயை அவ்வளவு சின்ன வளைவில் வளைத்தால் நடுவில் ஒடுங்கி மடிந்துவிடும், மடிந்த இடம் நூலை வெட்டும். சுருள் மடியாது. வளைக்கும்போது வெளிப்பக்கம் சுற்றுகள் கொஞ்சம் விலகிக்கொள்ளும், உள்பக்கம் நெருங்கிக்கொள்ளும். அழகாக ஒரு லாடம் மாதிரி வளைந்து நிற்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தச் சுருளுக்கு வலு என்று எதுவும் கிடையாது. பெரும்பாலும் செம்புக் கம்பியின் மேல் வெள்ளி முலாமோ தங்க முலாமோ பூசியதுதான். ரெண்டு நுனியையும் பிடித்து லேசாக இழுத்தால் நீண்டுவிடும், நீண்டது நீண்டதுதான். பேனா ஸ்பிரிங் மாதிரி திரும்பி வராது. மாலையைத் தாங்குவது கடைசி வரை நூல்தான். சுருள் எதையும் தாங்குவதில்லை. நூலுக்கு வரவேண்டிய தேய்மானத்தை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தேய்மானம்! மூன்று வருஷமாக அக்கவுன்ட்ஸ் பேப்பரில் எழுதிக்கொண்டிருக்கிற வார்த்தை. நேர்கோட்டு முறை, குறைந்துசெல் முறை என்று ரெண்டு விதமாகக் கணக்குப் போடத் தெரியும். ஒரு பொருள் எந்த இடத்தில் தேய்கிறது என்று மட்டும் ஒருநாளும் பார்த்ததில்லை. மாலை முழுக்க ஒரே மாதிரி தேய்வதில்லை. 45 சென்டிமீட்டர் மாலையில் ரெண்டு முனையும் வளையத்தைத் தொடுகிற அந்தக் கொஞ்ச இடம்தான் மொத்தத் தேய்மானத்தையும் வாங்குகிறது.

எப்படிப் போடுவது

செய்துபார்க்க நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாக. மற்றவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம். (நான் தாவியதன் விளைவைத்தான் மேலே பார்த்தீர்களே.)

முதலில் சுருளைக் கூரான சின்னக் கத்தரிக்கோலால் 8 முதல் 10 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டவும். மொக்கைக் கத்தரி நுனியை நசுக்கிவிடும், ஓட்டை அடைபடும். வெட்டும்போது துண்டு தெறித்து ஓடும், தட்டுக்குள் வைத்து வெட்டினால் தேட வேண்டாம். வெட்டிய நுனியில் கம்பி வால் நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் நறுக்கவும், இல்லாவிட்டால் கழுத்தில் குத்தும்.

கடைசி முத்தைக் கோர்த்ததும் ஊசியைச் சுருளின் ஓட்டைக்குள் விட வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஊசி சுற்றுகளுக்கு நடுவே வெளியே வந்துவிட்டால் சுருள் பிரிந்து வீணாகிவிடும். சுருளைத் தள்ளக்கூடாது, பிடித்து இழுக்கவும் கூடாது. நுனியில் ஏற்றிவிட்டு நூலைச் செங்குத்தாகப் பிடித்தால் அதுவே கீழே இறங்கும். பிறகு ஊசியைக் கொக்கியின் வளையத்துக்குள் விட்டு, அதே கடைசி முத்துக்குள் திரும்ப விட்டு, மெதுவாக இழுக்கவும். சுருள் வளைந்து வளையத்தைக் கட்டிக்கொள்ளும். அதன் ரெண்டு நுனியும் முத்தில் போய் முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் இழுத்தால் சுருள் நசுங்கும். பிறகு முத்துக்கு அந்தப் பக்கம் முடிச்சு, அடுத்த முத்துக்குள் நூல், மறுபடி முடிச்சு. மறுமுனைக்கும் இதே கதை.

முனையில் இருக்கும் முத்துக்களின் துளை வழியாக நூல் ரெண்டாவது முறையும் போக வேண்டும். நன்னீர் முத்துக்களில் துளை மிகச் சின்னது. போகாவிட்டால் முரட்டுத்தனமாக இழுக்காமல், துளை பெரிதாக்கும் மெல்லிய அரத்தால் தண்ணீரில் நனைத்துக்கொண்டே மெதுவாகப் பெரிதாக்க வேண்டும். முத்து என்பது கால்சியம் கார்பனேட், கல்லைப் போலக் கடினம் கிடையாது. காய்ந்த நிலையில் குடைந்தால் விரியலாம், அதன் தூசியும் மூச்சுக்கு நல்லதில்லை.

ஆரி டப்பா ஜர்தோசியில் பழகலாம். ஆனால் அதில் மலிவானது சீக்கிரம் கறுத்துவிடும், பக்கத்தில் இருக்கும் வெள்ளை நூலிலும் கறை ஏறும். ஓட்டையின் அளவும் எல்லாம் ஒன்றாக இருக்காது. மாலைக்கென்று விற்கும் முலாம் பூசிய சுருளே நல்லது. ஒரு மாலைக்கு ரெண்டு துண்டு, மொத்தம் ரெண்டு சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு 3 ரூபாய்கூட வரவில்லை.

புரொவிஷனா, கன்டின்ஜென்டா?

அம்மாவின் மாலையை அந்த வாரமே பிரித்து, சுருள் வைத்து, வாய் ஒட்டிய வளையமாக மாற்றிக் கோர்த்துவிட்டேன். இதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அம்மா மாலை ஒன்றா? அதே மாதிரி ஆறு மாலை கோர்த்துக் கொடுத்திருக்கிறேனே! ஆறும் யார் யார் கழுத்திலோ கிடக்கின்றன, திரும்புகிற ஒவ்வொரு திருப்பத்துக்கும் தேய்ந்துகொண்டு.

அக்கவுன்ட்டிங் ஸ்டாண்டர்ட் 29 என்று ஒன்று உண்டு, காமர்ஸ் மக்களுக்குத் தெரியும். முன்பே நடந்த ஒன்றால் இன்றைக்கு உனக்கு ஒரு கடமை வந்திருக்கிறதா? அதற்காகக் கையை விட்டுக் காசு போக வாய்ப்பு அதிகமா? எவ்வளவு என்று ஓரளவு சொல்ல முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் இப்போதே கணக்கில் ஒதுக்கீடு செய்துவிட வேண்டும், அது புரொவிஷன். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றால் கணக்குக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு போட்டால் போதும், அது கன்டின்ஜென்ட் லையபிலிட்டி. இன்டர்னல் தேர்வில் இதை மனப்பாடமாக எழுதி ஐந்துக்கு நாலு வாங்கினேன்.

பத்து நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஆறு மாலையையும் சின்ன எழுத்துக் குறிப்பாகவே வைத்திருந்தேன். "எல்லாரும் அம்மா மாதிரி அடிக்கடி போட மாட்டாங்க." "அறுந்தாலும் நூல் பழசாயிடுச்சுன்னுதான் நினைப்பாங்க." ரெண்டும் உண்மைதான். யாருக்கும் தெரியாது என்பதுதான் அதில் இருந்த வசதி. ஆனால் ஒவ்வொரு முறை அம்மா அந்த மாலையை எடுக்கும்போதும், போடுவதற்கு முன்னால் கொக்கிப் பக்கத்தை லேசாக இழுத்துப் பார்த்துவிட்டுப் போட்டார். முன்னெல்லாம் அப்படிப் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க முடியவில்லை.

பதினோராவது நாள் கிளம்பினேன்.

ஒன்று, தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் தாத்தாவின் ஸ்படிக மாலை. பார்த்ததும் நிம்மதி. அது தலை வழியாகப் போடுகிற மாலை, கொக்கியே கிடையாது. வளையம் இல்லாத இடத்தில் சுருளுக்கு வேலை இல்லை. மிச்சம் ஐந்து.

பெரியம்மாவின் பவளம், எதிர்வீட்டு அக்காவின் முத்து, அப்புறம் நம் வகுப்பிலேயே ரெண்டு பேரின் அம்மாக்கள் கொடுத்த மாலைகள் (பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்). நாலையும் திரும்ப வாங்கி வந்தேன். பட்டுநூல் வேலையில் ஒட்டுப் போட முடியாது. சுருள் வைக்க வேண்டுமென்றால் மொத்தத்தையும் பிரித்துப் புதிதாகக் கோர்க்க வேண்டும். பிரிக்கும் முன் ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பெரியம்மாவின் பவளம் பீரோவிலேயே கிடந்ததால் புதிது மாதிரி இருந்தது. ஒன்றில் லேசான பிசிறு. எதிர்வீட்டு அக்காவினதும் இன்னொன்றும் பாதிக்கு மேல் தேய்ந்து, சில இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு திருச்செந்தூர் போவதாக இருந்தார். கடற்கரையில் விழுந்திருந்தால்?

காசு வாங்கவில்லை. நூலும் சுருளும் சேர்ந்து ஒரு மாலைக்கு 28 ரூபாய், நாலுக்கு 112. என் 660 ரூபாய் லாபம் 548 ஆனது. மணிக்கணக்கு எழுதினால் லாபமே இல்லை, அதை விடுங்கள்.

ஐந்தாவது மாலை

ஐந்தாவது, பக்கத்துத் தெரு டீச்சரம்மாவினது. எனக்கு நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர். போய் விஷயத்தைச் சொன்னேன். நான் கோர்த்ததில் ஒரு தப்பு இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள், சரிசெய்து தருகிறேன் என்றேன்.

"அது இங்க இல்லையேப்பா. மகளுக்குக் குடுத்துட்டேன். மலேசியாவுல டெய்லி ஆபீசுக்குப் போட்டுட்டுப் போறாளாம்."

தினமும்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. டீச்சரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்ன தப்பு பண்ணுன? விளக்கமாச் சொல்லு" என்றார். நாலாம் வகுப்பு மாதிரியே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சட்டைப்பையில் இருந்த சுருள் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். "இத்துனூண்டா?" என்றார். அப்புறம் அவரே போனை எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார். கொக்கி கிட்ட நூலைப் பார், பிசிறு இருந்தால் போடாதே என்று.

ராத்திரி பதில் வந்தது, ஒரு படத்தோடு. வளையத்தில் கட்டிய இடத்தில் நூல் பஞ்சாகப் பிரிந்திருந்தது. "கழட்டி வச்சுட்டேன் அண்ணே கிட்ட சொல்லிடுங்கம்மா. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வர்றேன்" என்று எழுதியிருந்தார். (நான் அவரைவிடப் பத்து வயது சின்னவன். கோர்ப்பவர் என்றால் வயதானவர் என்று நினைத்துவிட்டார் போல :) )

டீச்சரம்மா என்னிடம் வேறெதுவும் சொல்லவில்லை. போகும்போது, "அடுத்து யாருக்காச்சும் கோர்க்கும்போது என்கிட்ட சொல்லு, என் தங்கச்சிகிட்ட ஒண்ணு இருக்கு" என்றார். அதற்கு நான் 150 வாங்கப்போவதில்லை, 160 வாங்குவேன். சுருளுக்கு 3 ரூபாய், மிச்சம் அதை மறக்காமல் இருப்பதற்கு.

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. மலேசியா மாலைக்கான ரெண்டு துண்டையும் இப்போதே சரியாக ஒரு சென்டிமீட்டருக்கு வெட்டி, ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, நூலோடும் வாய் ஒட்டிய வளையத்தோடும் எடுத்து வைத்திருக்கிறேன். பெட்டியின் மேல் பேனாவால் எழுதியும் வைத்திருக்கிறேன்: புரொவிஷன்.

பி.கு: உங்கள் வீட்டில் நூலில் கோர்த்த முத்துமாலை இருந்தால் இன்றைக்கே ஒருமுறை கொக்கிப் பக்கத்தைப் பாருங்கள். நூல் நேராக வளையத்தைத் தொடுகிறதா, அல்லது நடுவில் ஸ்பிரிங் மாதிரி ஒரு சுருள் தெரிகிறதா? நூல் என்றால் பிசிறு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவும். சுருள் இருந்தாலும் பட்டுநூல் வியர்வையில் நைந்து தளரும். அடிக்கடி போடுகிற மாலை என்றால் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகக் கோர்ப்பது நல்லது. முத்துமாலையைக் கொக்கியில் தொங்கவிட்டு வைக்காமல் துணியில் படுக்க வைக்கவும். சென்ட் அடித்து முடித்த பிறகே போடவும்.

அப்புறம், காணொளியைத் தள்ளி ஓட்டாமல் பார்க்கவும். வர்ட்டா!